அடித்தீனி

லொட்டே விழுந்தபோது அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். என் தம்பியின் மனைவி பெர்னடெட், அவர்களுடைய மகன் லோவெல், எங்களிடம் குதிரையேறிப் பட்டிகளைப் பார்த்துவரும் எலாதியோ, மாட்டு வைத்தியர் ஹாலிஸ், பக்கத்து நிலத்துக்காரர் அலோயிஸ் ஷுமாக்கர், நான். மாடு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் இரண்டு பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. எங்கள் ஊர் ஓபர்டாலில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் தான் நேரில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். பார்த்தவர்கள் நாங்கள் மட்டுமே. எங்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

என் பெயர் ஒட்டிலியா லைக்கர். மேற்குக் கான்சாஸில் மாடு கொழுக்க வைக்கும் குடும்பங்களில் எங்களுடையது பழையது. மேய்ச்சலிலிருந்து வரும் காயடித்த காளைகளைப் பட்டிகளில் அடைத்து, தீனி போட்டு, எடை ஏற்றி, இறைச்சிக்கூடத்துக்கு அனுப்புவது எங்கள் தொழில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எடைமேடை என் பொறுப்பு. உள்ளே வரும் மாடும் வெளியே போகும் மாடும் என் கண் முன்னால்தான் நிற்கும். என் எடையை மறுத்துப் பேசிய வியாபாரி ஒருவரும் இல்லை.

தம்பி ரைனோல்ட் பட்டிகளைப் பார்த்துக்கொண்டான். அவனுடைய பெண் குதிரை லொட்டே. செம்பழுப்பு நிறம், நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளை. கூட்டத்திலிருந்து ஒரு காளை திமிறி ஓடினால், ரைனோல்ட் கடிவாளத்தைத் தொடுவதற்கு முன்பே அது போய் மடக்கி நிற்கும்.

1978ஆம் வருட வசந்தத்தில் லோவெல் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு மூட்டைத் தூளோடு வீட்டுக்கு வந்தான். மொனென்சின் என்று பெயர். அதைத் தீனியில் கலந்தால் மாட்டின் வயிற்றுக்குள் தீனி வீணாகாமல் எடையாக மாறும் என்றான்.

"அப்பா காலத்துல மக்காச்சோளம், குதிரைமசால், கரும்புப்பாகு. வேற ஒண்ணும் கிடையாது. லைக்கர் மாடுன்னா ஊரே வாங்குது. இப்ப இதென்னடா மூக்குப்பொடி?" என்றான் ரைனோல்ட்.

"அத்தை, உங்க எடைமேடை பொய் சொல்லுமா?" என்று லோவெல் என் பக்கம் திரும்பினான்.

"இதுவரைக்கும் சொன்னதில்ல."

"அப்போ எனக்கு ரெண்டு பட்டி குடுங்க. ஒண்ணுல தூள் போடறேன், ஒண்ணுல போடல. நீங்களே நிறுத்துப் பாருங்க."

கொடுத்தோம். ஒரே ஊரிலிருந்து வந்த, ஒரே வயது மாடுகள். கோடை முழுவதும் நிறுத்தேன். தூள் போடாத பட்டியில் ஒரு பவுண்டு எடை ஏற ஆறரை பவுண்டு தீனி போயிற்று. தூள் போட்ட பட்டி ஆறு பவுண்டைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றது. அந்த மாடுகள் தொட்டியில் மிச்சம் வைத்தன, ஆனாலும் எடையில் பின்தங்கவில்லை. வழக்கமாக வரும் வயிற்று உப்புசமும் அந்தப் பட்டியில் வரவில்லை.

ரைனோல்ட் எடைமேடையின் முள்ளை வெகுநேரம் பார்த்தான். பிறகு தொப்பியைத் தூக்கி மண்டையைச் சொறிந்தான். "சரிதான். கம்மியா தின்னுட்டு நல்லா வளருது. மனுஷனுக்கு இருந்தா சொல்லுடா, எலாதியோவுக்கு ஒரு மூட்டை வாங்கலாம்."

"முதல்ல முதலாளி தின்னுங்க. கம்மியா தின்னா சேணமாவது பிழைக்கும்" என்றான் எலாதியோ.

மூட்டையின் மேல், குதிரைக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. ரைனோல்ட் அதை வாய்விட்டுப் படித்தான். அன்றே எங்கள் வீட்டுப் பழைய வழக்கம் ஒன்றை நிறுத்தினான்.

அந்த வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். தீனி லாரி கடைசித் தொட்டிவரை கொட்டி முடித்த பிறகும் அதன் மூலைகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கரும்புப்பாகு தோய்ந்த சோளம். என் அப்பா அதைக் கட்டைத் துடைப்பத்தால் கூட்டிக் குதிரைத் தொட்டியில் தள்ளுவார். அடித்தீனி என்போம். மாட்டுக்குச் சோறு போட்ட வீட்டில் குதிரை வாசனை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அப்பா போன பிறகு ரைனோல்ட் செய்தான். எங்கள் லாரியை என்றைக்காவது ஓட்டிய எல்லோருக்கும் அது தெரியும். அந்தத் துடைப்பத்தை அவன் கலவைக் கொட்டகையில் உயரமான ஆணியில் மாட்டிவிட்டான். எங்களுக்குள் அதோடு விஷயம் முடிந்தது. ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நம் வீட்டுக் குதிரைக்கு இனி அடித்தீனி போடுவதில்லை என்று எவராவது வீடு வீடாகப் போய்ச் சொல்வார்களா?

அக்டோபரில் ரைனோல்ட் பட்டிக்குள்ளேயே இறந்தான். மாரடைப்பு. சேணத்திலிருந்து சரிந்து சேற்றில் விழுந்திருக்கிறான். எலாதியோ ஓடிப் போனபோது லொட்டே அவன்மேல் நிழல் விழ நின்றுகொண்டிருந்ததாம். கூட்டமாக நெருங்கிய காளைகளைக் காதை மடக்கிப் பல்லைக் காட்டித் துரத்தியதாம். ஒரு குளம்பும் என் தம்பியின் உடம்பில் படவில்லை. அவன் முகத்தை நான்தான் கழுவினேன். சேறு இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வீட்டு மாட்டுக்கு அக்கம்பக்கத்தார் வந்து தீனி போடுவார்கள். கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட்டால் அது அவமரியாதை. அடக்கத்தன்று விடியும்போது அலோயிஸ் ஷுமாக்கரின் வண்டி எங்கள் வாசலில் நின்றது. கோதுமைக்காரர், கொஞ்சம் புல்மாடு வைத்திருந்தார், மனைவி கிடையாது. அப்பாவை அடக்கம் செய்த அன்றும் எங்கள் லாரியை ஓட்டியவர் அவர்தான். நாங்கள் பள்ளியில் ஒரே வகுப்பு. ஆனாலும் எங்களுக்குள் 'நீங்க'தான்.

"நீங்க கோயிலுக்குப் போங்க ஒட்டிலியா. இங்க நான் இருக்கேன்" என்றார்.

"உங்களுக்குப் பூசை போயிடுமே."

"ரைனோல்டுக்கு நான் செபம் சொன்னா அவன் சிரிப்பான். மாட்டுக்குத் தீனி போட்டா பேசாம இருப்பான்."

லோவெல் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டே லாரியில் தூளைக் கொட்டி, மேலே தீனியை நிரப்பி, எந்தப் பட்டிக்கு எவ்வளவு என்று அவருக்குச் சொன்னான். குதிரைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவற்றுக்கு எலாதியோ ஏற்கெனவே புல் போட்டிருந்தான்.

லொட்டேயைப் பெட்டி வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து கல்லறைவரை அது சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தது. ஏறியவன் இனி வரமாட்டான் என்பதற்கு அடையாளமாக வெற்றுச் சேணம், அங்கவடிகளில் ரைனோல்டின் காலணிகள் பின்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தன. கடிவாளத்தைப் பிடித்து வந்தவன் எலாதியோ. கல்லறைத் தோட்டத்திலிருந்து அவன் குதிரையை வீட்டில் விட்டுவிட்டு மறுபடி கோயில் கூடத்துக்கு வந்து எங்களோடு சாப்பிட்டான். பன்றித் தொடையும் கம்பு ரொட்டியும் காப்பியும். நாங்கள் எல்லோரும் வீடு திரும்பியபோது மாட்டுத்தொட்டிகள் நிரம்பியிருந்தன, வாசல் கூட்டியிருந்தது, அலோயிஸ் போய்விட்டிருந்தார். நன்றி சொல்லக் காத்திருக்கிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் குதிரைகள் புல்லைத் தொடவில்லை. மதியத்துக்குள் நான்கில் மூன்று குதிரைகளுக்கு வியர்த்துக் கொட்டியது. பின்னங்கால்கள் குடிகாரனுக்குப் போலப் பின்னின. ஹாலிஸ் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுங்களுக்கு என்ன குடுத்தீங்க?" என்றார். அப்போது எலாதியோ லாயத்தின் மூலையைக் காட்டினான். குதிரைத் தொட்டிமேல் கட்டைத் துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது.

அந்தத் தூள் கனமானது. லாரியின் அடியில் இறங்கிப் பாகில் ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் விழும் தீனியில் இருப்பதைவிட அடித்தீனியில் அது பல மடங்கு. மாட்டை வளர்ப்பது குதிரையின் இதயத் தசையை அரிக்கும் என்றார் ஹாலிஸ். முறிவு மருந்து கிடையாது. கரியைக் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டார். மூன்று குதிரைகளும் அடுத்தடுத்துச் செத்தன. லொட்டே மட்டும் சாகாமல் நின்றது. தாமதமாக வீடு வந்ததால் தொட்டியில் அதற்கு மிச்சம் இருந்திருக்காது என்று நினைத்தோம். ஆனாலும் அதன் நெஞ்சு தாளம் தப்பித்தான் அடித்தது.

"அசையாம இருந்தா பிழைக்கலாம். ஓடவே கூடாது. மாசக்கணக்குல ஓடக் கூடாது" என்றார் ஹாலிஸ்.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்னேன்: "அலோயிஸுக்கு இது தெரியக் கூடாது. டாக்டருக்கும் ஆள் யாருன்னு சொல்ல வேண்டாம். பட்டியில ஏதோ தவறு, அவ்வளவுதான்."

"அத்தை, அவர்மேல தப்பே இல்ல. தூளை அடியில கொட்டினது நான். அவர்ட்ட வாயத் திறக்காதது நான். இதைச் சொல்றதுல என்ன?"

"நீ சொன்னா உன் மனசு லேசாகும். அவருக்கு?"

லோவெல் தட்டைப் பார்த்தான்.

"நம்ம வீட்டுப் பிணத்துக்காக விடியக்காலம் வந்து நின்ன மனுஷன். அவர் பேரு இந்த வாசலைத் தாண்டி வெளிய போகாது" என்றேன்.

பெர்னடெட் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "லொட்டே பிழைச்சிட்டா போதும் அக்கா. அது ஒண்ணு நின்னுட்டா மிச்சத்தை மறைச்சிடலாம். எனக்கு அவர் விட்டுட்டுப் போனதும் அது ஒண்ணுதான்."

குதிரைகள் கெட்டுப்போன புல் தின்று செத்தன என்று அலோயிஸிடம் சொன்னோம். மறுநாளே அவர் தன் களஞ்சியத்திலிருந்து நல்ல குதிரைமசால் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். அதற்குப் பிறகு தினமும் வந்தார். லொட்டேக்குத் தண்ணீர் வைப்பார், கழுத்தைத் தேய்த்துவிடுவார், பெர்னடெட்டின் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பார். "இது காப்பியா, காப்பிக்கொட்டை குளிச்ச தண்ணியா?" என்பார். ரைனோல்ட் போன பிறகு பெர்னடெட் முதல்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

இதற்கிடையில், குதிரைகளுக்குப் புல் போட்டவன் என்று ஊர் எலாதியோவைச் சந்தேகப்பட்டது. "செனோரீட்டா, நான் கடைக்குள்ள போனா பேச்சு நின்னுடுது" என்றான். கல்யாணமாகாத பெண்ணை ஸ்பானிஷில் அப்படித்தான் அழைப்பார்கள்; அறுபது வயதிலும் என்னை அப்படிக் கூப்பிட அவன் ஒருவனுக்குத்தான் அனுமதி. அன்று நான் கோட்டை மாட்டிக்கொண்டு அவனோடு தீவனக் கூட்டுறவுக் கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. "எலாதியோ ஒரு தப்பும் பண்ணல. கேக்க வேண்டியது எதாவது இருந்தா என்னைக் கேளுங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் விட்டதும் ஒருவிதத்தில் தவறாகப் போயிற்று, பிறகு சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் லோவெலின் தூள் தின்ற பட்டியை லாரியில் ஏற்றி அனுப்ப எடுத்தோம். உறைபனி விழுந்த காலை. மாடுகளைப் பார்த்துச் சான்று கொடுக்க ஹாலிஸ் வந்திருந்தார். லொட்டே ஏற்றுமேடைக்கு அருகில், சிறிய அடைப்பில் நின்றது. காது முன்னால் நீண்டிருந்தது. மாடு நகரும் சத்தம் கேட்டு எவ்வளவு நாள் ஆகிவிட்டது அதற்கு. அலோயிஸ் அடைப்புக் கதவில் சாய்ந்து, அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாடுகள் எடைமேடையில் ஏறின. நல்ல மாடுகள். முதுகு மேசை போலத் தட்டையாக, தோல் பளபளவென்று. ரைனோல்ட் இருந்திருந்தால் தொப்பியைத் தூக்கியிருப்பான்.

கடைசிக் கூட்டத்தில் ஒரு காளை எலாதியோவின் கைக்கு அடியில் புகுந்து வெளியே ஓடியது. லொட்டேயின் கதவுக் கொக்கியைத் தண்ணீர் வைக்கும்போது அலோயிஸ் எடுத்திருந்தார், மறுபடி மாட்டவில்லை. குதிரை நெஞ்சால் கதவைத் தள்ளியது. "ஏய், ஏய், நில்லு!" என்று லோவெல் கத்தினான். பெர்னடெட் இரண்டு கைகளையும் விரித்து முன்னால் ஓடினாள். லொட்டே அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

மேலே ஆள் இல்லை, சேணம் இல்லை. காளையை வேலியோரம் முந்தி, மார்பைக் குறுக்கே வைத்து, ஒரு தடவை இடமும் ஒரு தடவை வலமும் மறித்தது. காளை திரும்பி ஒழுங்காக மேடையை நோக்கி நடந்தது. லொட்டே அதைக் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்தது. பிறகு முன்னங்கால்கள் மடங்கின. எழுந்திருக்க முயலவில்லை. ஹாலிஸ் ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்தார். பெர்னடெட் அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அதற்குள் முடிந்துவிட்டது.

அலோயிஸ்தான் முதலில் பேசினார். அவர் கெட்டதாக எதையும் சொல்ல நினைக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

"பெர்னடெட், இதுக்குக் குறை ஒண்ணும் வைக்கலம்மா. அடக்கத்து அன்னைக்கு இது லேட்டா வந்துச்சு. மத்ததுங்க அடித்தீனியை நக்கி முடிச்சிருந்துச்சு. பாவம், ரைனோல்ட் பின்னால அவ்வளவு தூரம் நடந்து வந்த புள்ளைன்னு லாரிக்குள்ள ஏறி மூலையெல்லாம் சுரண்டினேன். என் தொப்பி நிறைய ஊட்டினேன். என் விரலைக் கூட நக்கிச்சு."

ஹாலிஸ் தலை நிமிர்ந்தார். "எதை ஊட்டினீங்க?"

"டாக்டர், சான்றுல கையெழுத்து பாக்கி. உள்ள வாங்க" என்றேன்.

"ஒரு நிமிஷம் அம்மா. எதைச் சுரண்டினீங்க? தீனி லாரியையா?"

"ஆமா. லைக்கர் வீட்டுல எப்பவும் போடறதுதானே." அலோயிஸ் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். லோவெல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எலாதியோ தரையைப் பார்த்தான். கடைசியில் என்னிடம் வந்தார். "புல்லு கெட்டுப்போச்சுன்னீங்களே ஒட்டிலியா."

நான் நிமிர்ந்து நின்றேன். என் வாழ்க்கையில் யார் முன்னாலும் நான் தலை குனிந்ததில்லை. அவர் முன்னாலும் குனியவில்லை.

"அவர்கிட்ட சொல்லாதது நான்" என்றான் லோவெல். தூளைப் பற்றியும், மூட்டையில் எழுதியிருந்ததைப் பற்றியும், தன் அவசரத்தைப் பற்றியும் அழுதுகொண்டே சொன்னான். அலோயிஸ் முழுவதும் கேட்டார். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். விரலால் அதன் ஓரத் தையலைத் தடவினார்.

"நாலுமா?" என்றார்.

"நாலும்" என்றார் ஹாலிஸ்.

பெர்னடெட் குதிரையின் தலையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து அவர் கையைப் பிடித்தாள். "நீங்க அதுக்கு ஊட்டினீங்க அண்ணா. அன்னைக்கு அதுக்குப் பசிக்குதேன்னு நினைச்ச ஒரே ஆளு நீங்கதான். நாங்க யாரும் நினைக்கல."

"அவனை நின்னு காவல் காத்த குதிரைம்மா அது," என்றார் அலோயிஸ். "அவன் மேல ஒரு குளம்பு பட விடல." தொப்பியைப் போட்டுக்கொள்ளாமல் உறைபனியில் தன் வண்டிவரை நடந்து போனார்.

அதன் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. நான் இரண்டு முறை போனேன். கதவைத் திறந்து உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார், கோதுமையைப் பற்றிப் பேசினார். ஊரில் வேறு யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிற மனிதர், அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு ஒருவர் மாட்டையும் தொடவில்லை. கோயிலில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, முடிவதற்கு முன்பே எழுந்து போய்விடுவார். லோவெல் தூளை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் சொல்லவில்லை. எடைமேடை சொன்னது பொய் அல்ல. ஆனால் தீனிக் கொட்டகையின் கதவில், குதிரை உயரத்துக்கு எழுத்து வைத்து எச்சரிக்கை எழுதினான். இன்றும் வருடாவருடம் தன் கையால் மறுபடி வர்ணம் பூசுகிறான்.

அலோயிஸ் இறந்த அன்று அவருடைய புல்மாடுகளுக்கு நான் தீனி போட்டேன். லோவெல் போகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். கூப்பிடாமல்தான் போனேன். சமையலறை ஆணியில் அந்தத் தொப்பி தொங்கியது. நான் தொடவில்லை.

இனி ஊர்ப்பேச்சு. அன்று கூட்டுறவுக் கடையில் என்னைக் கேட்காமல் விட்டவர்கள் தாங்களாகவே ஒரு பதிலைச் செய்துகொண்டார்கள். எப்படியோ விஷயம் வெளியானதும் எலாதியோவை விட்டு அலோயிஸைப் பிடித்துக்கொண்டார்கள். இளவயதில் அலோயிஸ் ஷுமாக்கர் ஒட்டிலியா லைக்கரைப் பெண் கேட்டாராம். அவள் திமிரில் முடியாது என்றாளாம். அந்த வஞ்சத்தை மனதில் வைத்திருந்து, வீட்டில் யாரும் இல்லாத நாள் பார்த்துக் குதிரைகளைக் கொன்றாராம். இப்போது அவருடைய கல்லறைக்கு எதிரிலேயே நின்று இதைப் பேசுகிறார்கள்.

அது உண்மை அல்ல. அலோயிஸ் ஷுமாக்கர் என்னை ஒருநாளும் கேட்கவில்லை.